குறித்த நேரத்தில் வராத கோள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கோயில் நகரமாகிய நம் காஞ்சியில் கணக்கு இல்லாமல் ஒரு பொழுதும் விடிவதில்லை. கொடியேற்றம் என்று, தேர் என்று, கிரகணத்தன்று நடை சாத்துவது எப்போது, திறப்பது எப்போது என்பவை யாவும் முன்கூட்டியே கணிக்கப்பட்டு அச்சாகி வந்துவிடுகின்றன. தறியில் புதிய பாவு ஏற்றுகிறவரும் நல்ல நேரம் பார்த்தே ஏற்றுகிறார். இவ்வளவு கணக்கோடு வாழும் ஊரில், கணித்தபடிதான் வானில் நடந்ததா என்று நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

2023ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சனிப்பெயர்ச்சி ஜனவரி 17 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். டிசம்பர் 20 என்றது வாக்கியப் பஞ்சாங்கம். இரண்டுக்கும் இடையே பதினொரு மாதம்! எது சரி என்று வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஓயாத வாதம். சூரியனுக்கு அருகில் மறைந்திருந்த சில வாரங்கள் நீங்கலாக, அந்தப் பதினொரு மாதமும் சனி வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்துகொண்டுதான் இருந்தது. வாதிட்டவர்களில் மாடிக்குச் சென்று அதைப் பார்த்தவர் மிகச் சிலரே இருப்பர்.

எந்தப் பஞ்சாங்கம் உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைப்பதே அறிவியலின் உயிர்நாடி என்பதே நான் சொல்ல வந்தது. இந்த உண்மையை இன்று மிகத் தெளிவாகக் காட்டுவது, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிய ஆராய்ச்சி. அதன் பாடம் நம் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஒளியில் விழும் சிறு பள்ளம்

2012 ஜூன் 6 அன்று இந்தியாவில் சூரியன் உதித்தபோதே வெள்ளிக்கோள் அதன் முகத்தில் ஒரு கரும்புள்ளியாக இருந்தது. சில மணி நேரம் ஊர்ந்து மறுபுறம் வெளியேறியது. இப்படி ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே குறுக்கே செல்வதைக் கடப்பு என்கிறோம். பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு. ஆனால் அவ்விண்மீன்கள் வெகு தொலைவில் இருப்பதால் கரும்புள்ளியைக் காண இயலாது. விண்மீனின் ஒளி சற்றே குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வருவதை மட்டுமே அளக்கலாம்.

1999ஆம் ஆண்டில் எச்.டி. 209458 என்ற விண்மீனில் இத்தகைய கடப்பு முதன்முதலாகக் காணப்பட்டது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை, சுமார் மூன்று மணி நேரம், அந்த விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறைகிறது. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலமும், 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலமும் இம்முறையில் ஆயிரக்கணக்கான கோள்களைக் கண்டறிந்தன. எல்லா முறைகளாலும் உறுதி செய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2025இல் ஆறாயிரத்தைத் தொட்டது.

இதில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் ஊர் உதாரணம் ஒன்று கூறுகிறேன். அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து அத்திவரதர் 1979இல் எழுந்தருளினார். பின்னர் 2019இல் எழுந்தருளினார். 2019இல் 48 நாட்கள் தரிசனம். நாற்பது ஆண்டு என்பது 14,610 நாள். முறை தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் ஏதோ ஒரு நாளில் காஞ்சிக்கு வந்தால், அவருக்கு அத்திவரதர் தரிசனம் கிட்டும் வாய்ப்பு ஏறத்தாழ முந்நூறில் ஒன்று. ஆனால் 1979, 2019 என்ற இரண்டு ஆண்டுகளை அறிந்தவர் 2059 என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்வார். கோள்களின் நிலையும் இதுவே. வேறொரு விண்மீனிலிருந்து நம் பூமியின் கடப்பைப் பார்க்க விரும்புகிறவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 13 மணி நேரம்தான் வாய்ப்பு. நேரம் அறியாமல் தொலைநோக்கியைத் திருப்பினால் வெறும் விண்மீனைத்தான் பார்க்கலாம்.

ஒரு நொடிப் பிழையின் வளர்ச்சி

நேரத்தை அளக்கும் முறை எளிது. விண்மீனை இடைவிடாமல் படம் பிடிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள மாறாத விண்மீன்களோடு அதன் ஒளியை ஒப்பிட வேண்டும். மெல்லிய மேகம் வந்தால் எல்லா விண்மீன்களின் ஒளியும் சேர்ந்து குறையும். கோள் வந்தால் ஒன்று மட்டும் குறையும். ஒளி குறையத் தொடங்கிய நேரம், பழைய நிலைக்குத் திரும்பிய நேரம் ஆகிய இரண்டு கரைகளையும் கொண்டு நடுநேரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

கணிக்கும் முறை அதனினும் எளிது. ஒரு கடப்பின் நடுநேரத்தோடு சுற்றுக்காலத்தை ஒருமுறை கூட்டினால் அடுத்த கடப்பு. நூறுமுறை கூட்டினால் நூறாவது கடப்பு. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கூட்டல்தான். ஆனால் சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. சுற்றுக்காலத்தில் உள்ள பிழையும் கூடவே பெருகுகிறது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் பத்தாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை முடித்துவிடும். சுற்றுக்காலத்தில் ஒரே ஒரு நொடி பிழை இருந்தால் பத்தாண்டு கழித்துக் கணிப்பு பதினேழு நிமிடம் பிசகும். பத்து நொடி பிழை இருந்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிசகும். அதாவது முழுக் கடப்பே கைநழுவிப் போகும். ஆகவே எந்தக் கணிப்பும் ஒருமுறை செய்து பெட்டியில் பூட்டி வைக்கும் சொத்தன்று. மீண்டும் மீண்டும் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இது ஏதோ மேல்நாட்டார் கண்டறிந்த புதுமை என்று எண்ண வேண்டாம். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படையே இத்தகைய கணக்குதான். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகிறது. இப்படி ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். அதனால்தான் 248 நாளுக்கு 248 வாக்கியங்கள் அமைத்து, சந்திரனின் நிலையை மனப்பாடமாகவே கூறினார்கள். ஆனால் ஒன்பது சுற்றுகளுக்குச் சரியான காலம் 248 நாளுக்குப் பதின்மூன்று நிமிடம் குறைவு. அந்தப் பதின்மூன்று நிமிடம் பெருகிப் பெருகிக் கணக்கைக் கெடுக்கும் என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவே 3031 நாளுக்கு 110 சுற்றுகள் என்ற இன்னொரு பேரளவையும் வைத்தார்கள். அதில் வரும் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பார்த்தவர்களும் ஒப்பிட்டவர்களும் திருத்தியவர்களுமாகிய மனிதர்கள் இருந்ததால்தான் இந்த எண்கள் பிறந்தன. அவர்கள் விட்டுச் சென்ற வாக்கியங்களைக் காத்தோம். அவர்களை அவ்வாக்கியங்களுக்கு இட்டுச் சென்ற பழக்கத்தைக் காத்தோமா?

அப்பழக்கத்தை மீட்க முயன்ற தமிழ்நாட்டார் ஒருவரை இங்கே நினைவுகூர்வது கடமை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பரில் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பற்றி ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகளிலும் நூல் வெளியிட்டு, பொதுமக்கள் அதை முன்னரே அறியச் செய்தார். காண்பதோடு ஒத்துவரும் கணிதமே பஞ்சாங்கத்துக்கு வேண்டும் என்று வாதிட்டு, அவ்வாறே பஞ்சாங்கமும் வெளியிட்டார். மரபை வெறுத்துப் பேசியவர் அல்லர். மரபுக்குக் கண்ணைத் திருப்பித் தர முயன்றவர்.

பிசகு காட்டிய புதையல்

கணிப்புப் பிசகினால் திருத்திக்கொள்ளலாம் என்பதோடு கதை முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பிசகே சில வேளைகளில் புதையலுக்கு வழிகாட்டுகிறது.

வியாழனின் துணைக்கோளான அயோ, நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றி அதன் நிழலில் மறைகிறது. பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அந்த மறைவு கணித்ததைவிடத் தாமதமாகவும், நெருங்கும் மாதங்களில் முந்தியும் நிகழ்வதை ஓலே ரோமர் கவனித்தார். கடிகாரம் கெட்டுவிட்டது என்று அவர் அட்டவணையைத் திருத்திவிடவில்லை. ஒளி நம்மை வந்தடையவும் நேரம் ஆகிறது என்று 1676இல் உலகுக்கு அறிவித்தார்.

அதே நாகரிகம்தான் இன்றைய கோள் ஆராய்ச்சியிலும் காணப்படுகிறது. கெப்ளர்-19 என்ற விண்மீனை ஒன்பது நாள் சொச்சத்தில் சுற்றும் கோள் ஒன்று, குறித்த நேரத்துக்கு வராமல், ஐந்து நிமிடம் முந்தியும் ஐந்து நிமிடம் பிந்தியும் வந்துகொண்டிருந்தது. தனியாகச் சுற்றும் கோள் இப்படித் தடுமாறாது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை ஈர்த்து இழுக்கிறது என்று 2011இல் முடிவு செய்தனர். ஒருமுறைகூடக் கடப்பில் காணப்படாத கோள், தன் அண்டைக்கோளின் நேரப்பிசகாலேயே அகப்பட்டுக்கொண்டது! ஒரு வருடம் முன்னர் கெப்ளர்-9இல் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று இழுப்பது தெரிந்தது. 19 நாள் கோளின் சுற்றுக்காலம் சுற்றுக்குச் சராசரி 4 நிமிடம் கூடியது. 39 நாள் கோளின் சுற்றுக்காலம் சுற்றுக்குச் சராசரி 39 நிமிடம் குறைந்தது. இந்த இழுபறியின் அளவைக் கொண்டே கோள்களின் நிறையைக் கணக்கிட முடிகிறது. நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களையும் இப்படித்தான் நிறுத்துப் பார்த்தார்கள். தராசும் இல்லை, படிக்கல்லும் இல்லை; கடிகாரம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

வாஸ்ப்-12 என்ற விண்மீனின் கோள் இன்னும் நுட்பமானது. அதன் ஓர் ஆண்டு நம் கணக்கில் ஒரு நாளும் சில மணியும்தான். அந்தச் சுற்றுக்காலம் ஆண்டுதோறும் ஒரு நொடியின் ஆயிரத்தில் 29 பங்கு அளவு சுருங்கி வருகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. இத்தனை சிறிய சுருக்கமும் பத்தாண்டில் சேர்ந்து, கடப்பு எட்டு நிமிடம் முந்தி வரும் அளவுக்குப் பெருகிவிடுகிறது. அந்தக் கோள் தன் விண்மீனை நோக்கிச் சிறிது சிறிதாக விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வாஸ்ப்-12 உள்ளிட்ட ஐந்து விண்மீன்களின் கடப்புகளை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் லடாக்கில் உள்ள ஹன்லே தொலைநோக்கியாலும், நம் காவலூர்த் தொலைநோக்கியாலும் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். காவலூர் எங்கோ கண்காணாத நாட்டில் இல்லை. வேலூர், வாணியம்பாடி வழியே செல்லும் நமக்கு எட்டும் தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது.

அதே காவலூரில் 1977 மார்ச் 10 இரவு நடந்ததையும் கூறியாக வேண்டும். யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே செல்லும் என்று கணித்திருந்தார்கள். கணிப்பில் நிமிடக் கணக்கில் பிழை இருக்கலாம் என்பதையும் அறிந்திருந்தார்கள். ஆகவே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கக் குழு, குறித்த நேரத்துக்கு வெகு முன்னரே பதிவுக் கருவியை ஓடவிட்டது. யுரேனஸ் வருமுன்பே விண்மீனின் ஒளி சிலமுறை மங்கி மீண்டது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அத்தகைய மங்கல் ஒன்றைப் பதிவு செய்தனர். முதலில் அதை ஒரு புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். அது யுரேனஸின் வளையம் என்பது பின்னர் விளங்கியது. விளக்கம் மாறியது, ஆனால் எழுதி வைத்த நேரம் மாறவில்லை. குறித்த நேரத்தில்தான் எல்லாம் நடக்கும் என்று நம்பியிருந்தால் அன்று வளையங்கள் பதிவாகியிருக்குமா? இன்று காவலூரில் கோள்களின் கடப்பை அளக்கும் தொலைநோக்கிக்கு அந்தப் பட்டாச்சார்யாவின் பெயரே சூட்டப்பட்டிருப்பது பொருத்தமானது.

பிசகு நம்மிடமும் இருக்கலாம்

பிசகு எல்லாமே புதையல் அல்ல என்பதையும் மறுக்க முடியாது. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பதால் விண்மீன் ஒளி எட்டு நிமிடம் வரை முந்தியும் பிந்தியும் நம்மை அடையும். அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் இல்லாத கோள் இருப்பதாகத் தோன்றும். 1991இல் ஆண்ட்ரூ லைன் என்ற ஆங்கில வானியலாளர் குழுவுக்கு இதுவே நேர்ந்தது. துடிப்பு விண்மீன் ஒன்றின் துடிப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முந்திப் பிந்தி வருவதைக் கண்டு, அதற்கு ஒரு கோள் உண்டு என அறிவித்தார்கள். உலகமே வியந்தது. சில மாதங்களில் பூமியின் ஓட்டத்தைக் கழித்ததில்தான் பிழை என்று லைன் உணர்ந்தார். 1992 ஜனவரியில் அமெரிக்காவில் கூடிய வானியலாளர் பேரவையில் எழுந்து, அந்தக் கோள் இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே கூட்டத்தில் வேறொரு துடிப்பு விண்மீனின் நேரப்பிசகிலிருந்து வோல்ஷான் கண்டறிந்த கோள்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. ஒருவர் பிழையை ஒளிக்காமல் சொன்ன இடத்தில்தான் இன்னொருவரின் உண்மைக்கும் மதிப்புக் கிடைத்தது.

நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம்

இனி நம் கதை. நம் போன்ற கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் நடப்பது நாம் அனைவரும் அறிந்ததே. தனி ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் 981 வர வேண்டும் என்று புத்தகம் கூறுகிறது. கண்ட அளவுகளைப் போட்டால் 978 வருகிறது. இன்னொருவருக்கு 970 வருகிறது. உடனே அழிப்பானைத் தேடுகிறோம். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அட்டவணையை நிரப்புகிறோம். குறிப்பேடு அழகாக இருக்கிறது, கையொப்பமும் கிடைக்கிறது.

ஆனால் எதை அழித்தோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டுப் பகுதி புடைத்திருப்பதாலும் புவியீர்ப்பு முடுக்கம் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. ஏறத்தாழ பதின்மூன்று பாகை அட்சரேகையில் இருக்கும் நம் காஞ்சிக்கு உரிய அளவு சுமார் 978.3. புத்தகத்தின் 981 வடக்கே வெகு தொலைவில் உள்ள ஊர்களுக்கு உரியது. நூறு ஊசலாட்டங்களைப் பலமுறை கவனமாக எண்ணி 978 என்று கண்டவன், சரியாகவே கண்டான். அதை 981 என்று மாற்றியபோது, பூமி சுழல்கிறது என்பதற்குத் தன் கையில் கிடைத்த சான்றைத் தானே அழித்துக்கொண்டான். 1672இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயானாவுக்குச் சென்ற ரிஷே, தம் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதமாக ஓடுவதைக் கண்டு மறைக்காமல் எழுதி வைத்தார். பூமி முழு உருண்டை அன்று என்ற கருத்துக்கு அதுவே சான்றாயிற்று. ரிஷேயின் கையில் நம் அழிப்பான் இல்லாதது உலகின் நற்பேறு!

970 என்று கண்டவன் நிலை என்ன? அவன் எண்ணியதிலோ நீளத்தை அளந்ததிலோ பிழை இருக்கிறது. அதையும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் படிப்பு. கட்டம் போட்ட சேலையில் கட்டங்களின் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறினால், அனுபவம் உள்ள நெசவாளர் அதை மறைக்க முயல மாட்டார். ஊடை அடித்த கை எங்கே தளர்ந்தது, பாவு எங்கே நெகிழ்ந்தது என்று பார்ப்பார். துணியில் தெரியும் குறை தறியின் நிலையைச் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். பட்டு நெய்யும் ஊரில் படிக்கும் நமக்கு அது தெரியாமல் போகலாமா?

ஆசிரியப் பெருமக்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். கவனக்குறைவாகச் செய்தவனும் "நான் கண்டது இதுவே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வானே என்பார்கள். நியாயமான தடைதான். அதற்கு வழி, விடைக்கு மட்டும் மதிப்பெண் இடுவதை நிறுத்தி, வேறுபாட்டுக்குக் காரணம் தேடியதற்கும் மதிப்பெண் இடுவதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பிசகு பூமியின் ஓட்டத்தால் வந்ததா, கோளால் வந்ததா என்று தேடுவதும், ஊசலின் பிசகு நூலால் வந்ததா, கைக்கடிகாரத்தால் வந்ததா என்று தேடுவதும் ஒரே வேலைதான். சோம்பேறியால் அதைச் செய்ய இயலாது. உண்மையில் பின்னோக்கி அட்டவணை நிரப்புவதுதான் சோம்பேறிக்கு மிக எளிய வழி. அந்த வழியைத்தான் இன்று நாம் திறந்து வைத்திருக்கிறோம்.

இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, செய்முறைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் "வேறுபாடும் அதன் காரணமும்" என்று ஒரு பகுதி கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவது, இயற்பியல் துறையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். அதில் மூன்றே பத்தி: கணித்த நேரம், கண்ட நேரம், வேறுபாடு. சந்திர கிரகணம் பற்றும் நேரமும் விடும் நேரமும் அதில் ஏறட்டும். சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரமும் ஏறட்டும். பிற விண்மீன் கோள்களுக்கும் நமக்கும் வெகு தூரம் என்று ஒதுங்கவும் வேண்டியதில்லை. கெப்ளர், டெஸ் விண்கலங்களின் அளவீடுகள் எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் வகையில் இணையத்தில் உள்ளன. ஏரியல் என்ற ஐரோப்பிய விண்கலம் பார்க்கவிருக்கும் கோள்களின் கடப்பு நேரங்களைப் புதுப்பிக்கும் எக்ஸோகிளாக் திட்டத்தில், சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் பொழுதுபோக்கு வானியலாளர்களும் மாணவர்களும் பங்கு பெறுகிறார்கள். பெரிய விண்கலங்களுக்கும் சிறியவர்கள் குறித்துக் கொடுக்கும் நேரம் தேவைப்படுகிறது.

நண்பர்களே, நம்மில் எல்லோரும் வானியலாளர் ஆகப் போவதில்லை. சிலர் ஆசிரியர் ஆவோம். சிலர் அலுவலகம் செல்வோம். சிலர் தந்தையின் தறிக்கே திரும்புவோம். எங்கே சென்றாலும், எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒத்துவராத நாட்கள் வந்தே தீரும். அன்று அழிப்பானை எடுப்பவராக இருக்கப் போகிறோமா, பேனாவை எடுப்பவராக இருக்கப் போகிறோமா என்பதை இந்த ஆய்வுக்கூடத்து மேசைதான் தீர்மானிக்கிறது. அடுத்த ஆண்டு மலரில் என் கட்டுரைக்குப் பதிலாக, அந்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத வேறுபாடுகளோடு, அப்படியே அச்சாக வேண்டும் என்பது என் விருப்பம்.